அப்பாவின் இருமல் பற்றி

அன்புள்ள செல்வி,

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு வராந்தா வரை நடக்கிறார் என்று எழுதியிருந்தாயே, படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. இங்கே எல்லாரும் நலம். சின்னவன் பத்தாவது வந்துவிட்டான், படிக்கிற அறிகுறிதான் தெரியவில்லை.

இருமினால் சத்தமே வரவில்லை, தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது என்று போகிறபோக்கில் எழுதியிருந்தாய் பார், அதுதான் உறுத்துகிறது. பக்கவாதம் வந்த வீட்டில் எல்லார் கண்ணும் கை காலில்தான் இருக்கும். எங்கள் பிசியோ ஆட்களிலேயே பாதிப் பேர் அப்படித்தான். உடம்பில் ஒரு பக்கம் செயலிழந்தால் அந்தப் பக்கத்து உதரவிதானம் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் மூச்சுத் தசை), விலாத் தசை, வயிற்றுத் தசை எல்லாமே சோர்ந்துபோகலாம். நன்றாக இருமுவதற்கு முதலில் காற்றை நிறைய இழுக்க வேண்டும், அப்புறம் வயிற்றை இறுக்கித் தள்ள வேண்டும். இரண்டுக்கும் தெம்பில்லாமல் போனால் புரையேறிய தண்ணீரும் எச்சிலும் நுரையீரலில் தங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விட்டுவிடும். அதனால் கை காலைப் போல மூச்சுத் தசைக்கும் பயிற்சி கொடுக்க வேண்டும்.

அதற்குத்தான் டிஸ்சார்ஜ் ஆகும்போது கொடுத்த, மூச்சை இழுத்தால் பந்து மேலே எழும்பும் மூன்று பந்துக் கருவி இருக்கிறதே என்பாய். 600, 900, 1200 என்று எழுதியிருக்குமே, அது எவ்வளவு வேகமாக இழுக்கிறார் என்பதைக் காட்டும், அவ்வளவுதான். நான் சொல்வது ஸ்பிரிங் வால்வு வைத்த சின்னக் குழாய். திருகத் திருகக் கடினம் கூடும், அந்தப் பலத்தோடு இழுத்தால்தான் வால்வே திறக்கும், மெதுவாக உறிஞ்சி ஏமாற்ற முடியாது. அவரால் அதிகபட்சம் எவ்வளவு அழுத்தத்தில் இழுக்க முடிகிறது என்று முதலில் அளந்து, பெரும்பாலும் அதில் 30 சதவீதத்தில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். பக்கவாதம் வந்தவர்களைப் பற்றிய பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2016இல் வந்த ஒரு தொகுப்பாய்வில் தினம் 30 நிமிடம், வாரம் 5 நாள், 5 வாரம் என்ற கணக்கில் செய்தவர்களுக்கு மூச்சுத் தசையின் பலம் கூடியது, நெஞ்சுத் தொற்று மாதிரியான சிக்கல்களும் குறைந்தன. அரை மணியையும் ஒரே மூச்சாகச் செய்ய வேண்டாம், காலை மாலை என்று பிரித்துக்கொள்ளலாம். இதைச் செய்தால் கையும் வந்துவிடும் என்று யாராவது விற்கப் பார்த்தால் மட்டும் நம்பாதே.

வாய் கோணியிருக்கும் பக்கம் காற்று கசியும், உதட்டோரத்தை இரண்டு விரலால் குழாயோடு ஒட்டிப் பிடித்துக்கொள். மூக்குக்குக் கிளிப் போடு. தலை சுற்றினால் நிறுத்திவிட வேண்டும். பிரஷர் கட்டுக்குள் இல்லை என்றால் டாக்டர் சரி என்று சொல்லும்வரை தொடவே வேண்டாம். தம்பி பலூன் வாங்கிக் கொடுத்து ஊதச் சொல்கிறானாமே, அதைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடு. மூச்சைப் பிடித்து முக்கினால் பிரஷர்தான் ஏறும்.

புரையேறுவதற்கு இந்தக் கருவியை மட்டும் நம்பி இருக்காதே. விழுங்குவதைப் பரிசோதிக்கும் தெரபிஸ்ட்டிடம் ஒருமுறை காட்டு. அதுவரை நிமிர்த்தி உட்காரவைத்தே ஊட்டு, படுத்தபடி ஒரு வாய்கூட வேண்டாம். ராத்திரியும் பல் தேய்த்துவிடு, வாயில் கிருமி குறைந்தால் நெஞ்சுக்கும் நல்லது.

அடுத்த ரிவ்யூவில் மூச்சழுத்தம் அளக்கச் சொல்லி, வருகிற எண்ணை எனக்கு அனுப்பு. கருவி வாங்குவதை அப்புறம் பேசிக்கொள்ளலாம், அவசரப்பட்டு ஆன்லைனில் எதையும் ஆர்டர் போட்டுவிடாதே.

அன்புடன்,
மங்கை