வெளியூரில் இறந்தவரைப் பற்றிக் கேட்காமல் விடும் கேள்விகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பெங்களூரு லாட்ஜில் தமிழக இளைஞர் தற்கொலை, காரணம் கடன் தொல்லை என்று நாலு வரியில் செய்தி வரும்போதெல்லாம் மனசு ஆறுவதில்லை. ஸ்ரீராமபுரத்தில் இருபது வருஷமாக இருக்கிறேன். உடலை வாங்க ஊரிலிருந்து வருகிறவர்களுக்குக் கன்னடம் தெரியாது, அதனால் பிணவறைக்குத் துணைக்குப் போவேன். சமீபத்தில் தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அப்பா, கன்னடத்தில் எழுதிய வாக்குமூலத்தில் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "ஞாயித்துக்கிழமை போன் பண்ணி, மாத்திரை போட்டீங்களாப்பான்னு கேட்டானே சார்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அது எந்தத் தாளிலும் ஏறவில்லை.

போலீஸைக் குறை சொல்லவில்லை. குற்றவியல் நடைமுறைக்கான புதிய பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் இப்படிப்பட்ட மரணங்களை விசாரிக்கச் சொல்லும் 194வது பிரிவு, அதாவது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174, கேட்பது மரணம் எப்படி நேர்ந்தது என்பதைத்தான். தேசிய குற்ற ஆவணக் காப்பகம் 2022இல் 1,70,924 தற்கொலைகளைக் கணக்கெடுத்தது, அதில் நாலில் ஒருவருக்கும் மேல் தினக்கூலிக்காரர்கள். வயது, படிப்பு, தொழில், வருமானம் எல்லாம் பிரித்துப் போடுகிறார்கள். இறந்தவர் சொந்த ஊரில் இருந்தாரா, பிழைக்க வந்த இடத்தில் இருந்தாரா என்று மட்டும் பிரிப்பதில்லை.

நியூயார்க்கில் 1990 முதல் 2004 வரையிலான பிரேதப் பரிசோதனைப் பதிவுகளை எடுத்து இதைப் பார்த்தார்கள். மன்ஹாட்டன் பகுதித் தற்கொலைகளில் பத்தில் ஒன்றுக்கும் மேல் வெளியூர்க்காரர்களுடையது. புதுப் பரிசோதனை எதுவும் செய்யாமல், இருந்த தாள்களை ஒருவர் உட்கார்ந்து படித்ததில் தெரிந்த விஷயம் இது. இங்கேயும் தாள்கள் இருக்கின்றன, மனநல ஆராய்ச்சியும் செய்யும் நிமான்ஸ் மருத்துவமனையும் இதே ஊரில்தான் இருக்கிறது. அரசு மருத்துவமனைகளின் தடயவியல் துறையோடு அவர்கள் சேர்ந்து செய்யலாமே. ஊரைவிட்டு வந்து எத்தனை நாள், யாரோடு தங்கினார், வேலை நின்றதா, கடைசியாக யாரிடம் பேசினார் என்று கேட்க வேண்டும். பிணவறை வாசலில் வைத்து வேண்டாம், சில வாரம் கழித்து, வீட்டுக்காரர்களிடமும் ரூம்மேட்டிடமும் மேஸ்திரியிடமும், அவரவர் மொழியில். கடன் இருக்கிற எல்லோரும் செத்துவிடுவதில்லையே, அப்புறம் அது மட்டும் எப்படிக் காரணமாகும்?

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்த மாதிரிச் செய்தியில் எப்படி இறந்தார் என்று விவரிக்க வேண்டாம். அந்த இடத்தில் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416 போடுங்கள், கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம். மெஜஸ்டிக் பக்கம் லாட்ஜில் தனியாக உட்கார்ந்திருக்கும் பையன் கையிலும் உங்கள் பேப்பர் இருக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஸ்ரீராமபுரம், பெங்களூரு