எந்தப் படிப்பு என்று கேட்டிருந்தாய்

அன்புள்ள செல்விக்கு,

அம்மா எழுதுவது. பொதுச் சுகாதாரத்தில் எந்தப் படிப்பில் சேரலாம் என்று போனில் கேட்டாய், பாதிப் பேச்சு உன் பஸ் இரைச்சலில் போய்விட்டது, அதனால்தான் கடிதம். பல் மருத்துவம் முடித்தவள் கிளினிக் வைக்காமல் பொதுச் சுகாதாரம் படிக்கப் போகிறாளாமே என்று உன் அத்தை துக்கம் விசாரிப்பதுபோல் கேட்டுவிட்டுப் போனார்.

மருத்துவமனை நிர்வாகப் படிப்பை விட்டுவிடு. அது கட்டிலுக்கு வந்து சேர்ந்தவர்களைப் பற்றியது. எம்.டி. சமுதாய மருத்துவம் எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்கு மட்டும். மிச்சம் இருப்பது இரண்டு: பல் மருத்துவ மேற்படிப்பான எம்.டி.எஸ்.ஸில் பொதுச் சுகாதாரப் பல் மருத்துவம், மூன்று வருடம்; பொதுச் சுகாதார முதுகலைப் படிப்பான எம்.பி.எச்., இரண்டு வருடம்.

எனக்கு எம்.பி.எச்.தான் மனதுக்குப் பிடிக்கிறது. நீ சொன்ன திருவனந்தபுரம் கதைதான் காரணம். 1996இல் தொடங்கிய ஆய்வு, 13 பஞ்சாயத்துகள். அதில் 7இல் மட்டும் பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகப் போய், 35 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் வாயைத் திறக்கச் சொல்லிப் புற்றுநோய் அறிகுறி இருக்கிறதா என்று பார்த்தார்கள். அப்படிப் பார்க்காத மற்ற 6 பஞ்சாயத்துகளோடு ஒப்பிட்டால், புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2005இல் முடிவு வந்தது என்றாய். அன்று இரவு நான் தூங்கவில்லை.

கிராம சுகாதாரச் செவிலியராக நானும் கடையம் பக்கம் 28 வருடம் வீடு வீடாகத்தானே போனேன்? மடியில் சொளவை வைத்துப் பீடி சுற்றும் பெண்களின் திண்ணையில் உட்கார்ந்து, கர்ப்பிணி யார், தடுப்பூசி போடாத குழந்தை எது என்று பதிவேட்டை நிரப்பினேன். வாயைத் திற என்று ஒருத்தியிடமும் சொன்னதில்லை. உன் ஆச்சி புகையிலையை அடக்கிக்கொண்டேதான் பீடி சுற்றுவார். கன்னத்துப் புண் ஆறவில்லை என்றபோது தேங்காயெண்ணெய் தடவச் சொன்னவள் நான். பிறகு நடந்தது உனக்குத் தெரியும்.

திருவனந்தபுரத்தில் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம், சென்னையில் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம், வேலூரில் சி.எம்.சி. என்று எம்.பி.எச். நடத்தும் இந்த இடங்கள் எல்லாவற்றின் அறிவிக்கையையும் படி, உன் பல் மருத்துவப் பட்டமான பி.டி.எஸ்.ஸை ஏற்கிறார்களா, அனுபவம் கேட்கிறார்களா என்று பார். கட்டடத்தைப் பார்க்காதே, களப்பணி எத்தனை நாள் என்று கேள். பிளஸ் டூவில் கணக்குப் பரீட்சை என்றாலே உனக்கு வயிற்றுவலி வரும். எம்.பி.எச்.சிலோ புள்ளியியல் இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. அதை முடித்தால் இங்கே மாவட்டச் சுகாதார அலுவலர் ஆகிவிடலாம் என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதே, அதற்கு எம்.பி.பி.எஸ். வேண்டும்.

சீட்டுப் பணம் தை மாதம் கைக்கு வரும். முதல் வருடத்துக்கு அது போதும்.

எதிர்வீட்டுப் பேச்சியம்மாள் கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாக ஏதோ படர்ந்திருக்கிறது. நேற்று டார்ச் அடித்துப் பார்த்தேன். திங்கட்கிழமை பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றால், ஒருநாள் பீடி சுற்றாவிட்டால் கூலியை நீங்களா தருவீர்கள் என்று மல்லுக்கு நிற்கிறாள். தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா