ஞாயிற்றுக்கிழமை எங்கே போனீர்கள்?

மார்பகப் புற்றுநோய்க்கு எதிராக நிதி திரட்டும் சான் டியாகோ மூன்று நாள் நடைக்கு எங்கள் குழுவில் பெயர் கொடுத்திருக்கும் அக்காக்களுக்கும் தங்கைகளுக்கும்,

வணக்கம். போன சனிக்கிழமை பயிற்சிக்கு 14 பேர் வந்தீர்கள். இளஞ்சிவப்பு டி-ஷர்ட், புதுத் தொப்பி, ஏகப்பட்ட போட்டோ. மறுநாள் காலை அதே இடத்தில் 3 பேர்தான் நின்றோம். “நேற்றே 8 மைல் நடந்தாச்சே, இன்றைக்கு ரெஸ்ட்” என்று வாட்ஸ்அப்பில் வரிசையாகச் செய்தி வந்தது. அதனால்தான் இந்த மடல்.

மூன்று நாளில் 60 மைல். சென்னையில் கிளம்பி மேல்மருவத்தூரைத் தாண்டிவிடுகிற தூரம். ஒரு நாள் 20 மைல் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்துவிடலாம். சிக்கல் மறுநாள் விடியற்காலையில். கூடாரத்தில் தரையில் படுத்து எழுந்து, வீங்கிய காலை அதே ஷூவுக்குள் நுழைக்க வேண்டும். இந்த நடையை நடத்தும் கோமென் அமைப்பு தருகிற 24 வாரப் பயிற்சி அட்டவணையில் சனி, ஞாயிறு இரண்டுக்கும் தூரம் போட்டிருப்பது கட்டத்தை நிரப்புவதற்காக இல்லை. களைத்த காலோடு நடந்து பழகத்தான் அந்த ஞாயிறு.

போன வருஷம் நானும் உங்களைப் போலத்தான். சனிக்கிழமை ஒன்றுவிடாமல் நடந்தேன். ஞாயிறு என்றால் மகளின் நடன வகுப்பு, யார் வீட்டுப் பிள்ளையின் பிறந்தநாளோ, இட்லி மாவு. முதல் நாள் டோரி பைன்ஸ் மேட்டைப் பாட்டுப் பாடிக்கொண்டே ஏறினேன். லா ஹோயா வருவதற்குள் குதிகால் எரிய ஆரம்பித்தது. போட்டிருந்தது பருத்தி சாக்ஸ். வேர்வையைக் குடித்து ஈரமாகவே கிடந்து தோலைத் தேய்த்துவிட்டது. ராத்திரி கழற்றிப் பார்த்தால் இரண்டு குதிகாலிலும் புளியங்கொட்டை அளவுக்குக் கொப்புளம். விரல் வீங்கி மோதிரம் கழலவில்லை, சோப்பு நுரை போட்டு இழுத்தேன். நாள் முழுக்கக் கையைத் தொங்கவிட்டு நடந்தால் விரல் வீங்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் சொல்லிவிட்டேன்.

இரண்டாம் நாள் ஐந்தாவது மைலில், நடக்க முடியாதவர்களை ஏற்றிப்போகும் வேனில் ஏறினேன். அதில் அவமானம் ஒன்றுமில்லை, அதற்குத்தான் அது ஓடுகிறது. பக்கத்தில் முழங்காலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டு ஒரு அமெரிக்கப் பாட்டி. ஆறாவது தடவையாக வந்திருக்கிறாராம். என் காலைப் பார்த்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: “ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தாயா?”

தண்ணீர் விஷயமும் இருக்கிறது. தாகம் எடுக்கிறதோ இல்லையோ, பாட்டில் பாட்டிலாகக் குடிக்கிறீர்கள். உப்பே சேராமல் வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, வாந்தி, மயக்கம் வரை போகும், உயிருக்கே ஆபத்தாகலாம். வழியில் தண்ணீர் தரும் இடங்களில் உப்பு பிஸ்கட்டும் வைத்திருப்பார்கள், டயட் என்று ஒதுக்காதீர்கள்.

மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடித்து நம்மோடு வரும் இருவருக்குத் தனியாக ஒரு வார்த்தை. அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுத்திருந்தால் அந்தப் பக்கக் கை வீங்க வாய்ப்புண்டு. அந்தத் தோளில் பையை மாட்டாதீர்கள். வீக்கத்தைக் கட்டுப்படுத்தக் கையை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உறை வேண்டுமா என்று இப்போதே டாக்டரிடம் கேளுங்கள்.

அப்புறம் பணம். தலைக்கு 2,300 டாலர் திரட்ட வேண்டும். “சொந்தக்காரர்களிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது, நானே செக் எழுதிவிடுகிறேன்” என்று சிலர் சொன்னீர்கள். எழுதலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் என் சித்தி மார்பில் தட்டுப்பட்ட கட்டியை 8 மாதம் யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் சொன்னபோதும் “அந்த இடத்துல” என்றுதான் சொன்னார். மார்பகப் புற்றுநோயில் 1980இல் இறந்துபோன சூசன் கோமெனின் பெயரில்தான் அவருடைய தங்கை நான்சி பிரிங்கர் 1982இல் இந்த அமைப்பைத் தொடங்கினார். 20 டாலர் கேட்கிற சாக்கில் நீங்கள் ஒரு மாமியிடம் அந்த நோயின் பெயரை வாய்விட்டுச் சொல்வீர்கள், பாருங்கள், எனக்கு அதுதான் வேண்டும்.

வருகிற ஞாயிறு காலை 6:30, மிஷன் பே, வழக்கமான பார்க்கிங். சனிக்கிழமை நடந்த அதே ஷூ, பருத்தி கலக்காத சாக்ஸ். மோதிரத்தையும் வளையலையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். மோரும் உப்பு நார்த்தங்காயும் நான் கொண்டுவருகிறேன், 14 பேருக்கு.

அன்புடன்,
போன வருஷம் வேனில் வந்தவள்