வாரச் செய்திக்கு ஓர் இடம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். 1905-ல் சிகாகோவில் பால் ஹாரிஸ் தொடங்கிய ரோட்டரி என்ற சேவை அமைப்பில், இணையத்திலேயே கூடும் சங்கங்களும் உண்டு. மண்டபம் ஊரில் இருந்தபடி அப்படி ஒன்றில் நானும் உறுப்பினர். கீழக்கரையிலிருந்து துபாய் போன தம்பியும் பாம்பன் டீச்சரம்மாவும் ஒரே திரையில் உட்காருவார்கள். நலம் விசாரிப்பதிலேயே பாதி நேரம் போய்விடும். போகட்டும், அந்தப் பழக்கம்தான் உதவி கேட்கக் கூச்சமில்லாமல் செய்கிறது. அப்புறம்தான் வேலை.

விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மீனவர் கையில் காசில்லாத அந்த நேரத்தில்தான் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணமும் கட்ட வேண்டும். உதவி கிடைக்கும் விவரத்தை டீச்சரம்மா எங்கள் சங்கத்தின் இணைய வாரச் செய்தியில் எழுதுகிறார். ஸ்மார்ட்போன் இல்லாத வீட்டுக்கு அது போய்ச் சேருவதில்லை. டீக்கடையில் உங்கள் நாளிதழ் கிடக்கிறது. மாவட்டப் பக்கத்தில் வாரம் நாலு வரி போடுங்கள் ஐயா.

– ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், மண்டபம்