பாரிமுனை டிராம் பெட்டிக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

1895இல் ஓடத் தொடங்கி 1953இல் நின்றுபோன சென்னை மின்சார டிராமுக்கு, ஆட்டோவின் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு போகக்கூடிய ஒரு மாதிரி தயாராகிவிட்டது. 1940களின் பாரிமுனை. நீளம் 1200 மி.மீ., அகலம் 300; நடுவில் கழற்றினால் இரண்டு பெட்டி. உதவியவர்களில் ஒருவர்கூட மாதிரி ரயில் செய்கிறவர் இல்லை. ஆனாலும் கழற்றி, தூக்கிப்போய், வேறிடத்தில் பூட்டிய பிறகும் வண்டி தடம் புரளாமல் ஓடுவது உங்கள் கைவேலையால்தான். யார் எதைச் செய்தீர்கள் என்று அளவோடு எழுதினால் அடுத்து கட்டுகிறவர்களுக்கும் பயன்படும் என்பதால் இந்த மடல் கொஞ்சம் நீளும்.

பழைய ஆல்பங்களைப் பிரித்துப் படம் எடுத்துக்கொள்ளச் சொன்ன குடும்பங்களுக்கு முதல் நன்றி. சென்னை டிராம் மீட்டர் பாதையில் ஓடியது. நேர் முன்னாலிருந்து எடுத்த ஒரு படம் போதும்: சக்கரத்தடியில் தண்டவாள இடைவெளி 1000 மி.மீ. என்று வைத்து வண்டியின் அகலமும் உயரமும் எடுத்துவிடலாம். அந்த உயரத்தைப் பக்கவாட்டுப் படத்துக்குக் கொண்டுபோனால் சன்னல் இடைவெளிகள் வந்துவிடும். சாய்வாக எடுத்த படத்தில் இது பலிக்காது. பின்பகுதி குறுகித் தெரியும்.

அளவு 1:120. கடையில் கிடைக்கும் 9 மி.மீ. பாதை இந்த அளவில் 1080 மி.மீ. ஆகிறது, எட்டு விழுக்காடு அகலம் கூடுதல்தான், கண்ணுக்கு உறுத்தாது. 'என்' (N) கேஜ் எனப்படும் இந்த 9 மி.மீ. பாதைக்கான ஜப்பானிய நாலு சக்கர அடிச்சட்டங்களை அப்படியே போட்டுக்கொள்ளலாம். மேல்கூடு மட்டும் பிளாஸ்டிக் தகட்டில் நம் வேலை. அடிச்சட்டங்களைத் தன் துணிகளுக்கு நடுவே சுற்றி எடுத்துவந்த தம்பிக்கும் இங்கேயே நன்றி.

ஆசாரி ஐயா, மேல்பலகைக்கு 6 மி.மீ., சட்டத்துக்கு 9 மி.மீ. ப்ளைவுட் என்று நாங்கள் கேட்டதும், ஐஎஸ் 710 முத்திரை போட்ட மெரைன் ரகத்தையே வாங்கவைத்தீர்கள். சட்ட உயரம் 75 மி.மீ.; 200 மி.மீ.க்கு ஒரு குறுக்குச் சட்டம். அதைவிடப் பெரியது, மேலே மட்டும் வார்னிஷ் அடிக்கக் கூடாது என்று நீங்கள் சொன்னது. மேல்பக்கம் அடைபட்டு அடிப்பக்கம் திறந்திருந்தால் மழைக்காலத்தில் அடி மட்டும் ஈரம் குடித்து உப்பும், பலகை வளையும். அடிப்பக்கம், வெட்டிய ஓரங்கள், ஒயருக்குப் போட்ட ஓட்டைகளின் உள்பக்கம் வரை சீலர் அடித்தாயிற்று.

இரண்டு பெட்டியும் சேரும் இடம்தான் இந்த வேலையின் கழுத்து. அங்கே 0.2 மி.மீ. விலகினாலே சின்னச் சக்கரம் துள்ளும். போல்ட் இறுக்கத்தான் செய்யும், இடத்தில் நிறுத்தாது. அதற்கு 8 மி.மீ. ஸ்டீல் டவல் பின் (dowel, இடம் காக்கும் முளை) இரண்டும் அவை நுழையும் பித்தளை புஷ்ஷும் வேண்டும். லேத் பட்டறை அண்ணன் செய்த உதவியை இங்கே சொல்லியாக வேண்டும். இரண்டு புஷ்ஷையும் கச்சிதமான வட்டமாகக் கேட்டபோது, ஒன்றை வட்டமாகவும் மற்றொன்றைப் படுக்கைவாக்கில் நீள்துளையாகவும் கடைந்து கொடுத்தார். மரம் கொஞ்சம் உப்பினால் இரண்டு பின்னுக்கும் இடையே தூரம் மாறும். இரண்டுமே வட்டம் என்றால் பூட்டவும் முடியாது, கழற்றவும் முடியாது. நீள்துளை அந்த மாற்றத்தை வாங்கிக்கொள்கிறது. மேல்கீழ் நிலை மாறுவதில்லை. இறுக்க இரண்டு எம்6 போல்ட், பட்டாம்பூச்சி நட்டு. தண்டவாளம் போடும் முன்பே பெட்டிகளைச் சேர்த்துக் கிளாம்ப் பூட்டி, ஒரே மூச்சில் துளையிட வேண்டும்.

அந்த இடத்தில் தண்டவாளம் நேராக, மூட்டுக்குச் செங்குத்தாகப் போக வேண்டும். இருபுறமும் 50 மி.மீ.க்குள் வளைவு வரக் கூடாது. மூட்டின் இரு ஓரத்திலும் செப்புத் தகடு ஒட்டிய பிசிபி துண்டுகளைத் திருகாணியால் பிடித்து, தண்டவாளத்தை வெட்டாமலே அவற்றின் மேல் சால்டர் செய்து, பிறகு மெல்லிய டிஸ்கால் மூட்டின் மேல் அறுக்க வேண்டும். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே செப்பைக் கீறிப் பிரிக்க மறந்தால் ஷார்ட் ஆகும்.

சாலைக்கு பிளாஸ்டர் ஊற்றவில்லை. பயணத்தில் விரிசல் விடும். 'கோட் 80' (code 80) என்ற ரகத் தண்டவாளம் சுமார் 2 மி.மீ. உயரம். 1.5 மி.மீ. மவுண்ட் போர்டின் மேல் 0.2 மி.மீ. தாள் ஒட்டினால் சாலை 0.3 மி.மீ. தாழ்ந்து நிற்கும், துடைக்கும் கட்டை தண்டவாளத்தை மட்டும் தொடும். உள்பக்கம் சக்கர விளிம்புக்கு 1 மி.மீ. பள்ளம் விட வேண்டும்.

ரிட்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடை பாய், உங்களிடம் 1என்4007 டயோடு கேட்டு வந்தோம். டயோடு மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும். பாதை முனையில் ஒரு பக்கத் தண்டவாளத்தை வெட்டி, வெட்டின் குறுக்கே டயோடு போட்டால் வண்டி தானே நிற்கும். மின்திசை மாறியதும் தானே திரும்பிவரும். எவ்வளவு வோல்ட்டில் ஓட்டுகிறீர்கள் என்று கேட்டீர்கள். ஐந்து என்றதும் 1என்5819 என்ற ஷாட்கி டயோடை எடுத்து வைத்தீர்கள். சாதா டயோடு 0.7 வோல்ட்டை விழுங்கும். மெதுவாக ஓடும் வண்டிக்கு அது பெரிய இழப்பு, முனையிலிருந்து கிளம்பும்போது திணறும். ஷாட்கி டயோடில் இழப்பு ஏறக்குறைய பாதி. டயோடைத் திருப்பிப் போட்டால் வண்டி நிற்காமல் முனையில் மோதும், பிறகு திரும்பி வராது. இரண்டும் சேர்ந்து நடந்தால் வேறெங்கும் தேட வேண்டாம். வெட்டிய பகுதியை 150 மி.மீ. வையுங்கள். எல்லாச் சக்கரமும் மின்சாரம் எடுக்கும் வண்டி, கடைசிச் சக்கரம் வெட்டைத் தாண்டிய பிறகுதான் நிற்கும். பெட்டிகளுக்கு இடையிலான கனெக்டரில் மின்சாரம் வரும் பக்கத்துக்குப் பெண் முனையை (துளையுள்ள முனையை) போடச் சொன்னதற்கும் நன்றி.

தையற்கடை அக்கா தந்த மெல்லிய எலாஸ்டிக் நூல்தான் மேல்நிலைக் கம்பி. உலோகக் கம்பியென்றால் முதல் கை பட்டதுமே நசுங்கும். கம்பங்கள் 2 மி.மீ. பித்தளை, பலகையில் புதைத்த குழாயில் செருகிக் கழற்றலாம். நூலின் இழுப்பில் கம்பம் உள்ளே சாயும் என்பதால் முதலிலேயே சற்று வெளிப்பக்கம் சாய்த்து நட வேண்டும். கம்பி உயரம் 50 மி.மீ. வண்டியின் கூரையிலிருந்து கம்பிக்கு நீளும் மின்கோல் அதைத் தொடாமல் 1 மி.மீ. கீழே நிற்கிறது.

முனையில் கோலைத் திருப்பிப் போடாமல் வண்டி திரும்புகிறதே என்று பார்த்ததும் கேட்ட பெரியவர்களே, சரியாகத்தான் கேட்டீர்கள். நிஜ டிராமில் திருப்பியே ஆக வேண்டும். தானே போய்வரும் மாதிரியில் அதைச் செய்ய வழியில்லை, பொறுத்தருளுங்கள்.

போர்டு எழுதும் ஓவியர் கடைப் பலகைகளை எழுதியதோடு பின்திரையில் உயர் நீதிமன்றத்தையும் தீட்டிக் கொடுத்தார். கோபுரத்தை அளவுப்படி செய்தால் பெட்டியில் அடங்காது. சிறிதாக்கி, நிறத்தை வெளுத்ததும் தூரத்தில் நிற்கிறது. பாரிமுனைக் கட்டடமான டேர் ஹவுஸுக்கு முன்சுவரும் 40 மி.மீ. ஆழமும் மட்டும்.

எடுத்துச் செல்லும்போது பெட்டிகள் ஒன்றையொன்று பார்த்து, இரு முனைப் பலகைகளால் பூட்டப்படுகின்றன. இடையில் 200 மி.மீ. மேல்பெட்டியை அதன் பின்பக்கம் முன்னே வரும்படி புரட்டினால் அதன் கட்டடங்கள் கீழ்ப்பெட்டியின் முன்பக்கத்துக்கு மேலே வரும், இடிக்காது.

வரைபட நகல் வேண்டுவோருக்குத் தருகிறோம். ஆசாரி ஐயா, உங்கள் ஜி-கிளாம்ப் இரண்டும் எங்களிடம்தான் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருகிறோம்.

நன்றியுடன்,
டிராம் பெட்டிக் குழுவினர், சென்னை