எந்த வருஷம் வரைக்கும் என்று எழுதிக் கொடுங்கள்

நந்தம்பாக்கத்தில் கணினித் துறை மாநாட்டை நடத்திய அமைப்பாளர்களுக்கும், அங்கே ஸ்டால் போட்டிருந்த நிறுவனத்தாருக்கும் வணக்கம்.

நான் தண்டையார்பேட்டைப் பக்கம் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் கணினி ஆசிரியை. லேப், ஸ்மார்ட் போர்டு, வைஃபை, எமிஸ் என்ற அரசுத் தளத்தில் மாணவர் விவரப் பதிவு என்று பிளக்கில் மாட்டுகிற எல்லாமே என் பொறுப்பில்தான் இருக்கின்றன. பள்ளிகளின் தொழில்நுட்பப் பொறுப்பாளர்களும் வரலாம் என்று அழைத்திருந்தீர்கள். தலைமையாசிரியர் ஆன் டியூட்டி கொடுத்து அனுப்பிவைத்தார். அழைத்ததற்கு மனமார்ந்த நன்றி. எங்கள் பக்கத்துப் பள்ளிகளுக்கு இப்படி ஓர் அழைப்பு வருவது அபூர்வம்.

ஒரே ஒரு கேள்வியோடுதான் வந்தேன். அதற்குப் பதில் கிடைக்காததால் இப்போது எல்லோர் முன்னாலும் கேட்கிறேன். பள்ளிகளுக்கு நீங்கள் விற்கும் பொருளுக்கு எந்த வருஷம் வரைக்கும் உதிரி பாகமும் அப்டேட்டும் கிடைக்கும் என்று எழுத்தில் தருவீர்களா?

கேட்பதற்குக் காரணம் எங்கள் ஒன்பதாம் வகுப்பில் மாட்டியிருக்கும் ஸ்மார்ட் போர்டு. கொரோனா முடிந்து பள்ளி திறந்த சமயத்தில் முன்னாள் மாணவர்கள் காசு சேர்த்து வாங்கிக் கொடுத்தது. துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிறவரும், காசிமேட்டில் ஐஸ் வியாபாரம் செய்கிறவரும் அதில் பங்கு போட்டிருக்கிறார்கள். அந்த போர்டின் சட்டத்துக்குள் ஓரங்களில் சின்னச் சின்ன இன்ஃப்ராரெட் விளக்குகளும், அவற்றுக்கு எதிர் ஓரங்களில் அந்த ஒளியை வாங்கும் சென்சார்களும் வரிசையாக இருக்கும். விரல் எங்கே படுகிறது என்பதை அவைதான் கண்டுபிடிக்கும். அதில் ஒரு பகுதி செத்துவிட்டது. விளைவு, போர்டின் நடுவில் ஒரு முழம் அகலத்துக்கு மேலிருந்து கீழ்வரை எழுதினால் எதுவும் பதியாது. கணக்கு டீச்சர் முக்கோணம் வரைந்தால் அடிக்கோடு பாதியில் அறுந்து அந்தப் பக்கம் மறுபடி தொடங்கும். பிள்ளைகளுக்கு இது பழகிவிட்டது. விடை எழுத வருகிற பெண் கேட்காமலேயே இடது ஓரத்தில் ஒடுங்கி நின்று பொடி எழுத்தில் எழுதுகிறாள். கடைசி பெஞ்சிலிருந்து அதைப் படிக்க முடியாது.

மாற்ற வேண்டியது சட்டத்துக்குள் இருக்கும் அந்த வரிசையில் ஒரு சின்னப் பட்டைதான். போர்டை விற்ற நிறுவனத்துக்கு போன் செய்தால், "அந்த மாடலே இப்ப வர்றதில்ல மேடம், பார்ட் கிடைக்காது" என்றார்கள். வாரண்டி முடிந்துவிட்டது என்று எனக்கும் தெரியும், இலவசமாகக் கேட்கவில்லை. காசு கொடுக்கிறேன் என்றேன். அப்போதும் இல்லை. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒருவர் சட்டத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, இந்த அளவுக்கு வேறு கம்பெனி பட்டை பொருந்தாது என்று கையை விரித்துவிட்டார்.

மாநாட்டில் அதே நிறுவனத்தின் ஸ்டாலைப் பார்த்ததும் எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. மாடல் எண்ணை எழுதிக் கொண்டுபோயிருந்தேன். ஸ்டாலில் இருந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் அவரிடம் இருந்த ஒரே பதில், "எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் போயிட்டிருக்கு மேடம், பழசைக் கொடுத்துட்டு புதுசு எடுத்துக்கலாம்." சரி, அந்தப் புதிய போர்டுக்கு எத்தனை வருஷம் பார்ட் கிடைக்கும் என்று கேட்டேன். மேலே கேட்டுச் சொல்வதாக போன் நம்பர் வாங்கிக்கொண்டார். இன்னும் போன் வரவில்லை. தம்பி மேல் எனக்குக் கோபமில்லை. அவர் கையில் அந்தத் தகவலைக் கொடுக்காமல் நிற்க வைத்தவர்கள் மேல்தான் கோபம்.

மத்தியானம் வகுப்பறைத் தொழில்நுட்பம் பற்றிய அமர்வு நடந்தது. மேடையில் ஒரு பள்ளி ஆசிரியர்கூட இல்லை. கேள்வி நேரத்தில் கை தூக்கினேன், நேரம் முடிந்தது என்று மைக்கை வாங்கிக்கொண்டார்கள். அடுத்த பேச்சு செயற்கை நுண்ணறிவு. அதுவும் எங்கள் பிள்ளைகளுக்கு வேண்டியதுதான், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதை நடத்திக் காட்ட ஒன்பதாம் வகுப்பில் முழுதாக வேலை செய்கிற ஒரு போர்டு இருக்க வேண்டும்.

தேதி தெரிந்தால் நாங்கள் சமாளித்துக்கொள்வோம். அதற்கு எங்கள் லேப்பே சாட்சி. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14உடன் வழக்கமான ஆதரவு முடியும் என்பது பல வருஷம் முன்பே அறிவிக்கப்பட்டிருந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் சிப்பாவது வேண்டும். எங்களிடம் இருப்பவை ஆறாம் தலைமுறை. தேதி கையில் இருந்ததால் முன்கூட்டியே உட்கார்ந்து யோசித்தோம். பாதி கம்ப்யூட்டர்களுக்கு விண்டோஸுக்குப் பதில் உபுண்டு என்ற இலவச லினக்ஸ் போட்டேன். கேரளத்து அரசுப் பள்ளிகள் பல வருஷமாக லினக்ஸில்தான் நடக்கின்றன என்று சொல்லி நிர்வாகத்தைச் சம்மதிக்க வைத்தேன். பிள்ளைகள் ஒரே வாரத்தில் பழகிக்கொண்டார்கள். அந்த போர்டுக்கும் இப்படி ஒரு தேதியை முன்னாலேயே சொல்லியிருந்தால், வாங்கும்போதே உபரியாக ஒரு பட்டை வாங்கி பீரோவில் வைத்திருப்பேன்.

இது நடக்காத காரியமும் இல்லை. அமெரிக்கப் பள்ளிகளில் கூகுளின் குரோம் ஓஎஸ்ஸில் ஓடும் குரோம்புக் லேப்டாப்கள் நன்றாக ஓடும்போதே அப்டேட் நின்றுபோகிறது என்று பெரிய எதிர்ப்பு கிளம்பியது. 2023 செப்டம்பரில் கூகுள் அப்டேட் தரும் கெடுவைப் பத்து வருஷமாக நீட்டியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், ஸ்மார்ட்போன் விற்பனையை நிறுத்திய பிறகும் ஏழு வருஷத்துக்கு முக்கியமான பாகங்கள் கிடைத்தாக வேண்டும் என்று விதியே வந்துவிட்டது. நம் நாட்டிலும் 2022இல் வந்த மின்னணுக் கழிவு விதிகள், செத்த பொருளை மறுசுழற்சி செய்யும் பொறுப்பைத் தயாரித்தவர் மேல் வைக்கின்றன. அந்தப் பொருள் எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்பதை வாங்குகிறவருக்குச் சொல்லிவிடுங்கள் என்றுதான் நான் கேட்கிறேன். இருபது ரூபாய் பிரெட் பாக்கெட்டில்கூட முடியும் தேதி இருக்கிறது.

எங்கள் பக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கடற்கரைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். உப்புக் காற்றில் கம்ப்யூட்டரின் செம்புப் பகுதிகள் பச்சை பூத்துவிடும். ரேமைக் கழற்றி, பென்சில் ரப்பரால் தேய்த்து மறுபடி மாட்டுவது லேப்பில் வாடிக்கையான வேலை. எங்களுக்கு வடக்கே அத்திப்பட்டு அனல் மின் நிலையத்தில் மின்சாரம் தயாராகிறது, சாம்பலும் புகையும் இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு, ஆனால் வோல்டேஜ் ஏறி இறங்கி எங்கள் யூபிஎஸ் பேட்டரிகள் ஆயுசுக்கு முன்னாலேயே போகின்றன. ஊர்க் குப்பை எங்கள் பக்கத்துக் கொடுங்கையூருக்கு வருகிறது. தொழில்நுட்ப விழா என்றால் மட்டும் ஊரின் அந்தப் பக்கத்து நந்தம்பாக்கம். விம்கோ நகரிலிருந்து ஆலந்தூர் வரை மெட்ரோ இருக்கிறது, வந்துவிடுகிறோம், அது பெரிய விஷயமில்லை. வந்த பிறகு எங்களைப் புதிதாக ஒன்று வாங்கப்போகிறவர்களாக மட்டும் பார்க்கிறீர்கள். ஏற்கெனவே வாங்கியதை வைத்துப் பாடம் நடத்துகிறவர்களாகப் பார்ப்பதில்லை. அதுதான் வலிக்கிறது.

வேறு எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்க வந்தது இதுதான். அடுத்த மாநாட்டில் பள்ளிகளுக்கான பொருள் வைக்கும் ஒவ்வொரு ஸ்டாலிலும், விலைக்குப் பக்கத்தில் ஒரு வரி இருக்கட்டும்: உதிரி பாகம் எந்த வருஷம் வரை, அப்டேட் எந்த வருஷம் வரை. அதே வரி கொட்டேஷனிலும் இருக்கட்டும், கம்பெனி சீலோடு. இதை ஸ்டால் கொடுப்பதற்கான நிபந்தனையாகவே அமைப்பாளர்கள் வைத்துவிட்டால் நிறுவனங்கள் தட்ட முடியாது. கூடவே, எங்களைப் போன்ற லேப் பொறுப்பாளர்கள் மாடல் எண்ணோடு வந்தால் பார்த்துப் பதில் சொல்ல, தமிழில் பேசும் ஒரு சர்வீஸ் ஆளை ஒரு மேஜையில் உட்கார வையுங்கள்.

வரும் கல்வியாண்டுக்கு நாங்கள் மே மாதத்தில் கொட்டேஷன் வாங்குவோம். அதற்கு முன்னால் உங்கள் பதில் வந்தால் பெரிய உதவியாக இருக்கும். எந்த வருஷம் வரைக்கும் என்று எழுதித் தருகிற நிறுவனத்திடம்தான் வாங்க வேண்டும் என்று எங்கள் நிர்வாகக் குழுவிடம் சொல்லியிருக்கிறேன். பக்கத்துப் பள்ளிகளின் கணினி ஆசிரியர்களிடமும் அதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
வடசென்னைப் பள்ளி ஒன்றின் கணினி ஆசிரியை