அந்த வரியை நீக்குங்கள்: மொழியியல் பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். "விடைக்குறிப்பின்படியே மதிப்பெண் வழங்கப்பட்டுள்ளது" என்று என் மாணவியின் மறுமதிப்பீட்டு விண்ணப்பத்துக்கு நீங்கள் அனுப்பிய ஒற்றை வரிப் பதில் கிடைத்தது. எந்த விடைக்குறிப்பு, எந்தப் பாடம் என்பது உங்களுக்குத் தெரியும். "தென் அமெரிக்கப் பழங்குடி மொழிகளின் இலக்கணம் எளியது, வளர்ச்சி பெறாதது" என்று அச்சிட்டிருக்கும் அதே பாடம்தான். அந்த வரியை நீக்குங்கள், விடைக்குறிப்பைத் திருத்துங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

விடைத்தாளின் நகல் என் மேசையில் இருக்கிறது. என் மாணவி உங்கள் வரியை ஒப்பிக்கவில்லை. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பகுதியில் பேசப்படும் கெச்சுவா மொழியின் குஸ்கோ வட்டார வழக்கில் 'மழை பெய்கிறது' என்பதை எப்படிச் சொல்வார்கள் என்று எழுதியிருக்கிறாள். கண்ணால் பார்த்துச் சொன்னால் 'பரஷன்மி'. பிறர் சொல்லக் கேட்டிருந்தால் 'பரஷன்ஸி'. ஊகமென்றால் 'பரஷன்ச்சா'. இரண்டாவதன் பக்கத்தில் 'பெய்கிறதாம்' என்று எழுதி, நம் 'ஆம்' இடைச்சொல்லையும் அடிக்கோடிட்டுக் காட்டியிருக்கிறாள். அத்தனைக்கும் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. ஓரத்தில் 'பாடத்தில் இல்லை' என்று ஒரு குறிப்பு. பத்து மதிப்பெண் கேள்விக்குச் சுழியம். தேர்ச்சிக்கு அவளுக்கு நான்கு மதிப்பெண் குறைகிறது. பகலெல்லாம் துணிக்கடையில் நின்று வேலை பார்த்துவிட்டு, தொலைநிலைக் கல்வியில் படிக்கிறவள். மறுமதிப்பீட்டுக் கட்டணம் கட்டியாயிற்று. இனி மறுதேர்வுக்கும் கட்ட வேண்டும். அவள் எழுதியதில் எது பிழை என்று மட்டும் இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

பிழை உங்கள் பாடத்தில் இருக்கிறது. கொலம்பியா, பிரேசில் எல்லையில் வவுப்பேஸ் ஆற்றுப் பகுதியில் பேசப்படும் துயூக்கா மொழியை எடுத்துக்கொள்ளுங்கள். 'அவன் பந்து விளையாடினான்' என்று அதில் மொட்டையாகச் சொல்லிவிட முடியாது. ஆட்டத்தைக் கண்ணால் கண்டோமா, சத்தம் மட்டும் கேட்டோமா, மைதானத்தில் பதிந்த அவன் காலணித் தடத்தை வைத்துச் சொல்கிறோமா, யாராவது சொன்னார்களா, அப்படித்தான் இருக்கும் என்று கருதுகிறோமா என்ற ஐந்தில் ஒன்றை வினையின் விகுதி காட்டியாக வேண்டும். இந்த இலக்கணமா எளியது? கெச்சுவாவின் முதல் இலக்கண நூலை தொமிங்கோ தெ சாந்தோ தொமாஸ் என்ற ஸ்பானியத் துறவி 1560இல் அச்சிட்டார். ஆங்கிலத்துக்கு முதல் இலக்கண நூல் அச்சேறியது 1586இல்.

நாம், நாங்கள் என்று நாம் பிரிப்பதைப் போலவே கெச்சுவாவும் 'ஞொகஞ்சிஸ்', 'ஞொகய்க்கு' என்று பிரிக்கிறது. ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் இந்தப் பிரிவு இல்லை. அதற்காக அவற்றை வளர்ச்சி பெறாத மொழிகள் என்று எந்தப் பாடத்திலும் நாம் எழுதியதில்லை. ஆட்சி செய்தவனின் மொழிக்கு ஒரு நீதி, ஆளப்பட்டவனின் மொழிக்கு வேறொரு நீதி என்பதுதான் நம் பாடநூல்களில் ஊறிப்போயிருக்கிறது. பழைய ஆங்கில நூல்களில் கண்டதை அப்படியே பெயர்த்து வைக்கிறோம். பெரு நாட்டில் மட்டும் 37 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு கெச்சுவா தாய்மொழி என்கிறது 2017 கணக்கெடுப்பு. 1975இல் அந்நாடு அதை ஆட்சிமொழியாக அறிவித்தது. நம் பாடத்திலோ அது இன்னும் 'பழங்குடிப் பேச்சு'. மொழியியல் கற்பிக்கும் துறையிலிருந்தே இப்படி ஒரு பாடம் வந்திருப்பது எனக்குத் தாங்க முடியாத வருத்தம்.

கோபத்தில் சற்று நீட்டிவிட்டேன், பொறுத்தருள வேண்டும். நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல. அடுத்த பதிப்பு அச்சுக்குப் போகும் முன் அந்த வரியை நீக்குங்கள். விடைக்குறிப்பைத் திருத்துங்கள். அந்த மாணவியின் விடைத்தாளை, இம்மொழிகளைப் படித்தறிந்த வேறொருவரிடம் கொடுத்து மீண்டும் மதிப்பிடச் செய்யுங்கள். மறுதேர்வுக் கட்டணம் செலுத்தக் கடைசி நாள் நெருங்குகிறது. அதற்குள் உங்கள் முடிவு அவள் கைக்குக் கிடைக்கும்படி செய்ய வேண்டுகிறேன்.

பணிவுடன்,
நேர்முக வகுப்பு ஆசிரியர் ஒருவர்